அக்காவைத் தராசில் தொங்கவிட்ட கதை

என் அக்காவின் முழங்கால் வலியைக் குணப்படுத்தியவன் நான்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பொய். யாரையும் கேட்டுவிடாதீர்கள். குணப்படுத்துகிறேன் என்று கிளம்பி, அக்காவின் காலில் இருந்த சதையையும் கையில் இருந்த எலும்பையும் சேர்த்துக் கெடுத்தவன் நான் என்றுதான் சொல்வார்கள். அதுதான் நடந்தது. முதல் வரியாவது பெருமையாக இருக்கட்டும் என்று அப்படி எழுதிப் பார்த்தேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடக் கூரை ஒழுகி லீவு. மீதி அறிவெல்லாம் மடுவத்தில் கிடைத்தது. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மலையில் பறித்த கொழுந்தைப் பெண்கள் கூடையோடு கொண்டுவந்து சாக்கில் கொட்டுவார்கள். சாக்கைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துக் கிலோவைக் கத்துவார். கத்திவிட்டு, சாக்குக்கு இவ்வளவு, கொழுந்தில் இருக்கிற தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிப்பார். வெயில் காலத்திலும் தண்ணீருக்குக் கழிப்பார். அந்த முள்ளின் கீழேயே இருபது வருஷம் நின்றதால் எனக்கு உலகத்தில் இரண்டே விஷயம்தான் தெரியும். முள் ஏறும், முள் இறங்கும். சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். நாற்பது வருஷம் கொழுந்து பறித்து, பென்ஷன் வயதாகி நின்றவள். அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகள் கல்யாணம் கட்டிக் கொழும்பில் இருக்கிறாள். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், என் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் அக்கா இருந்தாள். துணைக்கு ஒரு மாடு. காலையில் பால் கறந்து, பால் லொறிக்கு ஊற்றிவிட்டு, மாட்டோடு பேசிக்கொண்டே பொழுதைக் கழிப்பாள். என்னோடு பேசுவதைவிட அது பரவாயில்லை என்பாள்.

தொண்ணூறுகள் முடிகிற காலத்தில் அக்காவின் இரண்டு முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. உட்கார்ந்தால் கடக். எழுந்தால் கடக். வலது முழங்கால் வீங்கி பன் மாதிரி ஆனது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே இருந்த ஐயா காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, மூன்று விஷயம் சொன்னார்.

"எடைய கொஞ்சம் கொறைக்கணும். தெனம் மெதுவா நடக்கணும். சத்தா சாப்புடணும்."

எடை என்ற சொல் காதில் விழுந்ததோடு என் காது அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் அவர் சுவருக்குச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் தராசுக்காரன். எடையைக் குறைப்பது என்றால் அது என் இலாகா.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கொழுந்து லொறி போன பிறகு மடுவத்தில் ஆள் இருக்காது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்.

"ஒடைச்சிறாதடா. தராசச் சொல்றேன்" என்றார்.

ஒரு கொழுந்துச் சாக்கில் கால் போவதற்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். வாயில் கயிறு கோர்த்து, அக்காவை அதற்குள் இறக்கிக் கொக்கியில் மாட்டினேன். தரைக்கு நாலு விரல் மேலே அக்கா தொங்கினாள்.

"டேய், கயிறு அறுந்துச்சுன்னா?"

"அம்பது கிலோ கொழுந்து தாங்குற கயிறு அக்கா."

"நான் அம்பதாடா?"

முள் எழுபத்தொன்றில் போய் நின்றது. என் வாய் பழக்கத்தில் கத்தியது. "எழுபத்தொண்ணு! சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒண்ணு, அறுபத்தெட்டு!"

"தண்ணிக்கா? நான் என்ன நனைஞ்ச கொழுந்தா?"

"வழக்கம் அக்கா."

"நாப்பது வருசம் என் கொழுந்துல கழிச்சானுக. நீ ஆளுலயே கழிக்கிறியா? எறக்குடா கீழ."

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. முதலில் சாப்பாட்டில் கை வைத்தேன். கருவாடு கொழுப்பு என்றேன். முட்டை சூடு என்றேன். பருப்பு வாயு என்றேன். பால் மொத்தமும் லொறிக்கு. அக்காவுக்குக் காலையில் அரை ரொட்டி, வெறும் தேத்தண்ணி. மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, கீரை. முட்டைகள் வீணாகக் கூடாது என்பதற்காக அவற்றை நானே தின்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்தது வேலை. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கப் போனால் பிடுங்கிக்கொள்வேன். விறகு பொறுக்கப் போனால் மறிப்பேன். மூட்டுத் தேயும், உட்காரு என்பேன். பால் கறப்பதையும் நானே எடுத்துக்கொண்டேன். முதல் நாள் மாடு என்னை வாளியோடு சேர்த்து உதைத்தது. உள்ளே பாயில் படுத்திருந்த அக்கா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அவனுக்கு ஒண்ணும் ஆகாது, வாளியப் பாருங்கடி" என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சொன்னாளாம்.

வாரா வாரம் தொங்கவிட்டேன். முள் இறங்கியது. அறுபத்தாறு. அறுபத்து நாலு. பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், நின்று எல்லோருக்கும் சொன்னேன். எட்டு மாதத்தில், எல்லாக் கழிவும் போக, ஐம்பத்தொன்பது. ஒன்பது கிலோ. அன்றைக்கு நான் நடந்த நடையைத் துரை பார்த்திருந்தால் பங்களாவை எழுதிக் கொடுத்திருப்பார்.

நடந்த இன்னொரு விஷயமும் என் கண்ணில் பட்டது. மண்டைக்குள் போகவில்லை. அக்காவின் சேலையில் கொசுவம் இரண்டு மடிப்பு கூடிவிட்டது. தொடை வற்றி, கெண்டைக்கால் வற்றி, முழங்கால் மட்டும் அதே பருமனில் நின்றது. கவ்வாத்து வெட்டிய தேயிலையில் குச்சியெல்லாம் போய் முட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்குமே, அப்படி. பலகையிலிருந்து எழும்ப வாசல்நிலையைப் பிடித்தாள். பிறகு நிலையோடு என் தோளையும் பிடித்தாள்.

"வலி கொறைஞ்சிருக்கா அக்கா?"

"கூடியிருக்குடா."

"கொறையிறதுக்கு முன்னாடி அப்படித்தான் கூடும்."

எந்த டொக்டர் எனக்கு இதைச் சொன்னார் என்று கேட்காதீர்கள். வாய்க்கு வந்தது.

ஆடி மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்துக்கு முன்னால் ஓடுகிற கானை, முழ அகலம் கூட இல்லாத வாய்க்காலை, அக்கா தாண்டினாள். நாற்பது வருஷம் முதுகில் கூடையோடு மலைக் கானையெல்லாம் தாண்டியவள். கால் தூக்க வரவில்லை. முன்னால் சாய்ந்து கையை ஊன்றினாள். அவ்வளவுதான். உருளவில்லை, பள்ளத்தில் போகவில்லை. சும்மா பூனை உட்கார்வது மாதிரி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மா. யாழ்ப்பாணத்து ஆள், சின்ன வயது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி அக்காவைக் கேட்டார்.

"அம்மா, எவ்வளவு உயரத்தில இருந்து விழுந்தனீங்கள்?"

"ஒயரமா? நின்ன எடத்துலதாங்க விழுந்தேன்."

"நிண்ட இடத்தில விழுந்து கை முறியக் கூடாதே." சேலையை லேசாகத் தூக்கிக் காலைப் பார்த்தார். "கால் ஏன் இப்பிடி வத்திப் போச்சு?"

நான் கொஞ்சம் முன்னால் வந்து நின்றேன். "ஒம்பது கிலோ கொறைச்சிருக்கோம் டொக்டரம்மா. எல்லாம் நான்தான்."

"நீங்கள் ஆர்?"

"தம்பிங்க."

"என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?"

சொன்னேன். ரொட்டியையும் தேத்தண்ணியையும் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நடந்தவவோ? வேலை ஏதும் செய்தவவோ?"

"ஒரு கொடம் தண்ணிகூட தூக்க விடலீங்க. எல்லாம் நான்..." மிச்சத்தை விழுங்கிவிட்டேன். டொக்டரம்மாவின் முகம் அப்படி.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறித் தப்பித்திருப்பேன். பொறுமையாகச் சொன்னதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

"போனதில கொழுப்புக் கொஞ்சம்தான் ஐயா. தசைதான் கூடப் போயிருக்கு. மூட்டுத் தேஞ்சது தேஞ்சதுதான், அதை இனிப் புதுசாக்கேலாது. ஆனா அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறது தொடைத் தசை. அதைப் பட்டினி போட்டுப் படுக்க வைச்சா, பாரம் முழுக்க மூட்டிலதான் விழும். எலும்பும் அப்பிடித்தான். பாரம் குடுக்கக் குடுக்கத்தான் கெட்டியா இருக்கும். சும்மா வைச்சிருந்தா கரையும். இந்த வயசில பொம்பிளையளுக்கு இன்னும் கெதியாக் கரையும்." படத்தைக் காட்டினார். "பாருங்கோ, எப்பிடி வெளிறிக் கிடக்கு. எலும்பின்ர அடர்த்தியைச் சரியா அளக்கக் கொழும்பில மெஷின் இருக்கு. ஆனா இதைப் பார்க்கவே தெரியுது."

"தராசு நல்லாத்தாங்க காட்டுச்சு" என்றேன்.

"தராசுக்கு என்ன தெரியும்? அதுக்குக் கொழுப்பும் ஒண்டுதான், தசையும் ஒண்டுதான்."

அக்கா படத்தை எட்டிப் பார்த்தாள். "நாப்பது வருசம் கூடை தூக்கினேங்க" என்றாள்.

"மேடு பள்ளம் ஏறி இறங்கித்தான் அம்மா முழங்கால் தேஞ்சது. அதே வேலைதான் உங்கட எலும்பையும் தசையையும் வைச்சிருந்தது."

"அப்ப அந்தத் தோட்டத்த ஏசுறதா, கும்புடுறதாங்க?"

டொக்டரம்மா சிரித்துவிட்டார். "ரெண்டையும் செய்யுங்கோ. ஆனா பாலும் முட்டையும் சாப்பிட்டிட்டுச் செய்யுங்கோ."

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். ஒரு கதிரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழும்பி நிற்க வேண்டும். பத்துத் தடவை, காலையும் மாலையும். பலம் வர வர இருக்கையைத் தாழ்த்தலாம். காலில் சின்னப் பாரம் கட்டி, நீட்டி உயர்த்த வேண்டும். தினம் நடக்க வேண்டும். குந்துவது வேண்டாம், மாட்டில் பால் கறப்பதென்றால் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து கறக்கலாம். இந்த முறை நான் எல்லாவற்றையும் கேட்டேன். லொறி ஹார்ன் அடித்தால்கூடத் திரும்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் கொழும்பிலிருந்து அக்காவின் மகள், என் மருமகள், வந்துவிட்டாள். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரி. தாயின் கைக்கட்டைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"போதும் மாமா, நீங்க பாத்தது. அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். மாட்ட வித்துருங்க."

"மாட்ட ஏன்டி விக்கிற? நான் எங்கயும் வரல" என்றாள் அக்கா.

"அங்க உக்கார்ற கக்கூஸ் இருக்கும்மா. படி கெடையாது. கான் கெடையாது."

"ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் செவுருதான்டி இருக்கு. ரெண்டு நாள் இருந்துட்டு வந்தவதானே நான்? செவுரு பாக்கவா அம்புட்டு தூரம் வருவேன்?"

"சரி. இந்தக் கட்டில்ல இருந்து யாரும் புடிக்காம எந்திரிச்சு நில்லு. நின்னுட்டா நான் ஒண்ணும் பேசல."

அக்கா முன்னால் ஆடினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை பாதி எழும்பி, மெத்தையில் திரும்பி விழுந்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருமகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "தீவாளிக்கு வர்றேன். மாட்டுக்கிட்ட உக்காந்து நீயே பால் கறந்து, யாரும் புடிக்காம, கை ஊனாம, பாலோட எந்திரிச்சு நில்லு. நின்னா இங்கயே இரு. இல்லன்னா வேன் கொண்டாந்து ஏத்திட்டுப் போயிருவேன்."

"செம்பு நெறையவா, பாதியா?" என்று கேட்டாள் அக்கா.

"நெறைய."

தீபாவளிக்கு மூன்று மாதம்கூட இல்லை.

கதிரைக்கு எங்கே போவது? எங்கள் லயத்தில் ஒரே ஒரு கதிரை இருந்தது, அதற்கு மூன்று கால். என்னிடம் ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடந்தது. ஸ்டோரில் இருந்து தூளைப் பலகைப் பெட்டியில் அனுப்பிய காலத்துப் பெட்டி. அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியைக் காலி பண்ணச் சொல்லி, கழுவி, காயவைத்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அக்காவின் வாசலில் வைத்தேன்.

ஒரு கையில் கட்டு, மற்றக் கையை மடியிலேயே வைக்கச் சொன்னேன். முதல் நாள் இரண்டு தடவை எழும்பினாள். எண்ணுவது என் வேலை.

"ஒண்ணு! ரெண்டு! ரெண்டுல அரை கழிவு, செவுத்தத் தொட்ட!"

"கழிவு போட்டீன்னா பெட்டிய ஒந் தலையில கவுத்துருவேன்."

இரண்டு வாரத்தில் பத்து வந்தது. உடனே பெட்டியின் வாய்ப்பக்கத்தில் நாலு விரல் அறுத்தேன். மறுபடி நாலு தடவைக்கு இறங்கியது. பத்து வந்ததும் மறுபடி நாலு விரல். பெட்டி குட்டையாகிக்கொண்டே போனது. ஒரு முறை கோணலாக அறுத்துவிட்டேன். அக்கா உட்கார்ந்ததும் பெட்டி ஒரு பக்கம் ஆடியது. நேராக்குகிறேன் என்று எதிர்ப்பக்கம் அறுத்தேன், அந்தப் பக்கமும் ஆடியது. அக்கா மரம் அறுக்கிற வாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

மாப் பையில் மணல் போட்டுத் தைத்து, தராசில் அரைக் கிலோ நிறுத்து, கணுக்காலில் கட்டினோம். காலையில் லொறி வருவதற்கு முன் இரண்டு கோப்பைப் பால் அக்காவுக்கு எடுத்து வைத்தேன். முட்டையும் நெத்தலியும் பருப்பும் திரும்பி வந்தன. முட்டை போனதில் எனக்குத்தான் மெலிவு. மத்தியானத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் கோயில் வளைவு வரை நடந்துவிட்டு வருவாள். முழங்கால் வலி போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. கடக் சத்தம் அப்படியேதான். ஆனால் வாசல்நிலையை அவள் தேடவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அவளே சாக்கை எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு வந்தாள்.

"தொங்கவிடுடா."

முள் அறுபத்தைந்து காட்டியது. வைத்தியம் முற்றியிருந்த காலத்தில் கழிவுக்கு முன்னால் அறுபத்திரண்டு காட்டிய முள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், ஏறித்தான் இருந்தது. இருபது வருஷப் பழக்கம், வாய் திறந்துவிட்டது. "சாக்குக்கு ரெண்டு..."

அக்கா சாக்குக்குள் இருந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அறுபத்தஞ்சு" என்றேன். "கழிவு இல்ல."

"ம். எறக்கு."

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, பால் கறக்கிற உயரத்துக்கு அறுத்த கடைசி அளவுப் பெட்டியில் ஒத்திகை பார்த்தோம். பத்தில் ஆறு தடவை எழும்பினாள். நாலு தடவை முடியவில்லை. அதுவும் வெறும் கையோடு. நிறைந்த செம்போடு ஒரு தடவைகூட முயன்று பார்க்கவில்லை. மாடு ஒரு நாளைக்கு அத்தனை தடவை கறக்காது.

காலையில் எண்ணெய் வைத்து முழுகி, புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா மாட்டுப் பட்டிக்கு வந்தாள். பனி இன்னும் விலகவில்லை. மருமகள் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். மேலே ரோட்டில் வேன் நின்றது. டிரைவர் இன்ஜினை நிறுத்தவே இல்லை, அந்தச் சத்தம் கீழே வரை கேட்டது. நான் பெட்டியை மாட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நானும் நின்றேன்.

"மாமா, நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள் மருமகள்.

தள்ளி நின்றேன்.

அக்கா உட்கார்ந்தாள். கறந்தாள். கை முறிந்த பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. செம்பு நுரையோடு நிறைந்தது. நிறைந்ததும் ஒரு முறை மகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, டொக்டரம்மா காட்டிய மாதிரி பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்படி முன்னால் சாய்ந்தாள். முழங்கால் கடக் என்றது. மாடு திரும்பிப் பார்த்தது. உடம்பு பெட்டியை விட்டுக் கிளம்புகிற அந்த நேரத்தில், நான் கோணலாக அறுத்த பக்கம் பெட்டி சாய்ந்தது. செம்பிலிருந்து பால் தளும்பி...

"டேய்! எங்கடா பெட்டி?"

இது இப்போது. வெளியில் அக்கா, அன்றைக்கு வேன் ஏறாத அக்கா.

"மாடு கத்துது, காதுல விழலயா? பெட்டியத் தூக்கிட்டுப் போயி உள்ள என்னாத்தப் பண்ற?"

"எழுதுறேன் அக்கா. உக்காந்து எழுத வேற என்ன இருக்கு?"

"எழுதிக் கிழிச்சது போதும். கொண்டா. செம்பத் தூக்கிக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கிறது?"

கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் நான் இதிலிருந்து எழும்ப வேண்டும். கடைசி அளவுப் பெட்டி, தரையோடு தரையாக இருக்கிறது. கையை ஊன்றாமல் என்னால் முடியாது. அக்கா வாசலுக்கே வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊன்றினால் கழிவு போடுவாள்.